வாயில் எளிதானால் வீடு சிறுத்துவிடுமா?

எக்கருவியாயினும் அதனைக் கையாளும் மாந்தரிடையே இருவகைப் போக்கினர் தோன்றுதல் இயல்பு. கருவியின் உள்ளமைப்பை அறிந்தவனே அதனைக் கையாளத் தக்கவன் என்பர் ஒரு சாரார். கருவி பயன்பட்டால் போதும், அதன் உள்ளமைப்பைப் பற்றிய கவலை செய்தவனுக்கே உரியது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு போக்கும் இன்று வெளிப்படையாக மோதிக்கொள்ளும் களங்களுள் ஒன்று லினக்ஸ் என்னும் இயங்குதளம். அதனைக் கணிப்பொறியில் நிறுவுதற்கு எளிய வழியும் உண்டு. அரிய வழியும் உண்டு. எளிய வழியில் நிறுவப்படுவது நெகிழ்வு குன்றியது என்றும், அரிய வழியில் வந்தவனே லினக்ஸின் முழு உரிமையையும் பெற்றவன் என்றும் ஒரு கருத்து மாணவரிடையே வேரூன்றி நிற்கிறது. அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை மலரில் இயங்குதளத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இன்று தமிழ் எழுதப்படுவதும், படிக்கப்படுவதும், அச்சேறுவதும் பெரும்பாலும் கணிப்பொறி வழியாகவே நிகழ்கின்றன. அக்கணிப்பொறியின் வாயிலில் தமிழுக்கு இடம் உண்டா என்பது தமிழ்த்துறை கேட்க வேண்டிய கேள்வியே ஆகும். நிறுவல் பற்றிய வழக்கு அக்கேள்வியோடு நெருங்கிய தொடர்புடையது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மூலம் ஒன்று, உரை பல

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டது லினக்ஸின் உட்கரு. கெர்னல் எனப்படும் அவ்வுட்கரு தனித்து நின்று நமக்குப் பயன்படாது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும் பிற மென்பொருள்களும் அதனோடு சேர்ந்தபோதே முழுமையான இயங்குதளம் உருவாயிற்று. இவற்றையெல்லாம் ஒருங்கு திரட்டி, நிறுவும் முறையையும் வகுத்து அளிப்பதே வழங்கல். மாணவர் இதனை டிஸ்ட்ரோ என வழங்குவர்.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. திருக்குறளின் மூலம் ஒன்றே. பண்டை உரையாசிரியர் பதின்மர் என்பது மரபு. ஒவ்வோர் உரையும் மூலத்திற்குள் புகுவதற்கு ஒரு வாயில். லினக்ஸின் உட்கரு மூலம் எனில், வழங்கல்கள் உரைகள். உரையின் துணைகொண்டு குறளுக்குள் புகுந்தவன் குறளை அறியாதவன் என்று எவரும் கூறார். உரையைப் படித்தபின் அவ்வுரையோடு முரண்படவும், தாமே புத்துரை காணவும் அவனுக்கு உரிமை உண்டு. லினக்ஸ் நிலையிலும் இவ்வாறே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இரு வழிகளின் வரலாறு

1993-ஆம் ஆண்டில் இரு பெரும் வழங்கல்கள் தோன்றின. பாட்ரிக் வோல்கர்டிங் தொடங்கிய ஸ்லாக்வேர் அவ்வாண்டு ஜூலையிலும், இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் ஆகஸ்டிலும் வெளிப்பட்டன. அந்நாளில் நெகிழ்வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, வன்தட்டைத் தாமே பிரித்து, திரையில் தோன்றும் எழுத்துவழி வினாக்களுக்கு விடை கூறி நிறுவ வேண்டியிருந்தது. அரிய வழியே அன்று இருந்த ஒரே வழி. அதனை எவரும் பெருமையாகக் கருதவில்லை. வேறு வழியில்லாமையால் மேற்கொண்டனர்.

பின்னர் எளிமை நோக்கிய முயற்சிகள் எழுந்தன. 1999-இல் வெளிவந்த கால்டெரா ஓப்பன் லினக்ஸ் 2.2 வரைகலைத் திரையில் நிறுவலை நடத்தியது; கோப்புகள் படியெடுக்கப்படும் நேரத்தில் டெட்ரிஸ் போன்றதோர் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கவும் அதில் வாய்ப்பு இருந்தது. ஜெர்மனியரான கிளாஸ் க்னாப்பர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், நிறுவாமலேயே குறுந்தகட்டிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்க்கும் முறையைப் பரப்பியது. 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியால் உபுண்டு தோன்றியது. கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பும் வழக்கத்தை 2011 வரை அது கைக்கொண்டிருந்தது. இயக்கிப் பார்த்து, பிடித்திருந்தால் அத்திரையிலிருந்தே நிறுவிக்கொள்ளும் வசதி 2006-இல் அதில் இடம்பெற்றது.

இவ்வெளிமைக்கு எதிர்த்திசையில் சென்றோரும் உளர். ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999-இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்பது, ஒவ்வொரு மென்பொருளையும் மூல நிரலிலிருந்து தாமே தொகுத்து முழு இயங்குதளத்தையும் கட்டும் முறையைக் கற்பிக்கும் நூல். 2002-இல் டேனியல் ராபின்ஸின் ஜென்ட்டூ 1.0 வெளிவந்தது. எந்த மென்பொருளில் எந்தக் கூறு வேண்டும், எது வேண்டா என்பதைப் பயனரே வரையறுத்துத் தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும் முறை அதற்குரியது. அதே ஆண்டில் ஜட் வினெட் ஆர்ச் லினக்ஸை வெளியிட்டார். 2012-இல் ஆர்ச் தன் பழைய நிறுவியை நீக்கிவிட்டு, பயனர் கட்டளைகளைத் தாமே இட்டு நிறுவும் முறையை மேற்கொண்டது.

அரிய வழியினர் கூறுவன

அரிய வழியைப் போற்றுவோர் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. ஆர்ச் லினக்ஸை நிறுவுவோன் வன்தட்டைப் பிரிக்கிறான், கோப்பமைப்பை உருவாக்குகிறான், அடிப்படைத் தொகுப்புகளை இறக்குகிறான், நேர மண்டலம், மொழி, கணினியின் பெயர் ஆகியவற்றைக் குறிக்கிறான், கணினியை எழுப்பும் பூட் லோடரையும் தானே பொருத்துகிறான். வேண்டாத மென்பொருள் ஒன்றும் அவன் கணினியில் புகுவதில்லை. ஒருநாள் கணினி எழ மறுக்குமாயின், எந்தப் படியில் பிழை நேர்ந்தது என்று அவனால் ஊகிக்க இயலும். எளிய நிறுவியின் பொத்தானை அழுத்தியவன் அந்நிலையில் திகைத்து நிற்பான். மேலும், 'வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்னும் ஒற்றை வரியைப் பொருள் உணராது தெரிவு செய்து, ஆண்டுக்கணக்கில் சேர்த்தவற்றை ஒரு நொடியில் இழந்தோர் உண்டு. எளிமை அறியாமையை மூடி மறைக்கும் போர்வையாகவும் அமையக்கூடும் என்பதை மறுத்தற்கில்லை.

இக்காரணங்கள் யாவும் அரிய வழி ஒரு நல்ல பாடம் என்பதை மெய்ப்பிக்கின்றன. அவ்வழியில் வராதவன் நெகிழ்வை இழந்தான் என்பதை இவற்றுள் ஒன்றும் மெய்ப்பிக்கவில்லை. பாடத்தின் பயன் வேறு; வீட்டின் பரப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே வழக்கின் மூலம்.

அன்றியும், கையால் நிறுவினோர் அனைவரும் அறிந்தே நிறுவினர் என்று கொள்வதும் பொருந்தாது. வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கட்டளைகளின் பொருளை நோக்காமல் வரிசையாக இட்டுச் செல்வோர் பலர். பொருளுணராது உரையை நெட்டுருப் போட்டவனுக்கும் இவர்க்கும் வேறுபாடு சிறிதே.

நெகிழ்வு எங்கே உள்ளது?

நெகிழ்வு என்பது நிறுவும் அந்த ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் செய்தி அன்று. நிறுவியபின் ஆண்டுக்கணக்கில் கணினி நம்மிடம் இருக்கிறது. அக்காலத்தில் திரைச்சூழலை மாற்ற இயலுமா, வேண்டாத மென்பொருளை நீக்க இயலுமா, புதியதைச் சேர்க்க இயலுமா, மூல நிரலைப் படித்துத் திருத்த இயலுமா என்பனவே நெகிழ்வின் உரைகற்கள். உபுண்டுவை ஐந்தாறு பொத்தான்களில் நிறுவியவனும் இவை அனைத்தையும் செய்யலாம். அவனைத் தடுப்பார் எவரும் இலர்.

இதற்குச் சில சான்றுகள் காட்டலாம். நிக்ஸ்ஓஎஸ் என்னும் வழங்கலில் கணினியின் அமைப்பு முழுவதையும் ஒரே கோப்பில் எழுதிவைக்கலாம். அக்கோப்பைத் திருத்தி ஆணையிட்டால் கணினி அதற்கேற்ப மாறும். மாற்றம் தவறாகப் போனால் முந்தைய நிலைக்கு மீளலாம். நெகிழ்வில் இதனை விஞ்சுவன மிகச் சிலவே. அதற்கும் 2022-இல் வரைகலை நிறுவி வந்துவிட்டது. வாயில் எளிதாயிற்று, உள்ளே ஓர் அறையும் குறையவில்லை. ஆர்ச் லினக்ஸும் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 'ஆர்ச்இன்ஸ்டால்' என்னும் வழிநடத்தும் நிறுவியைத் தன் நிறுவல் வட்டில் சேர்த்துள்ளது. மூல நிரலிலிருந்து தொகுத்தலையே தன் அடையாளமாகக் கொண்ட ஜென்ட்டூ, 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், தொகுக்கப்பட்ட ஆயத்தத் தொகுப்புகளையும் விரிவாக அளிப்பதாக அறிவித்தது. அரிய வழியின் தாயகங்களே எளிய வாயிலையும் திறந்து வைத்துள்ளன என்பது எண்ணத்தக்கது.

மறுதலையாகவும் ஒரு சான்று உண்டு. நம் கைபேசிகளில் உள்ள ஆண்ட்ராய்டு லினக்ஸின் உட்கருவைக் கொண்டதே. அதனை நாம் நிறுவுவதே இல்லை. வாங்கும்போதே நிறுவப்பட்டு வருகிறது. எனினும் பல கைபேசிகளில் வேறோர் இயங்குதளத்தை இட முடியாதவாறு எழுப்பும் பகுதி பூட்டப்பட்டுள்ளது. இங்கு நெகிழ்வு கெட்டது எளிமையால் அன்று, பூட்டினால். நாம் அஞ்ச வேண்டியது பூட்டுக்கே. எளிய கதவையும் பூட்டிய கதவையும் ஒன்றென எண்ணி எளிமையைப் பழிப்போர், பூட்டியவனைக் கேள்வி கேட்க மறந்துவிடுகின்றனர்.

தமிழின் வாயில்

இனித் தமிழுக்கு வருவோம். லினக்ஸின் எழுத்துவழி உரைத்திரை, அதாவது வரைகலை இன்றி வெறும் எழுத்துகளை மட்டும் காட்டும் திரை, ஒரே நேரத்தில் மிகுதியாக 512 எழுத்து வடிவங்களையே தாங்கக்கூடியது. அது மட்டுமன்று, எழுத்துகளை ஒன்றோடொன்று இணைத்து வடிவமைக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. 'கொ' என்னும் எழுத்தை எண்ணிப் பாருங்கள். ஒலிக்கும்போது உயிர் மெய்க்குப் பின் வருகிறது. எழுதும்போதோ அதன் குறி மெய்க்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கிறது. இதனை அவ்வுரைத்திரை செவ்வனே காட்டாது. ஆங்கிலம் காட்டும், தமிழ் காட்டாது.

2007-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பில் வரைகலை நிறுவி இடம்பெற்றது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றை அந்நிறுவியின் வரைகலை வடிவிலேயே தெரிவு செய்ய இயலும். எழுத்துவழி வடிவில் இயலாது. இதன் பொருள் யாது? ஆங்கிலம் அறிந்தவனுக்கு வரைகலை நிறுவி ஒரு வசதி. தன் தாய்மொழியிலேயே முதல் வினாவைப் படிக்க விரும்பும் தமிழனுக்கோ அது ஒன்றே வாயில். வரைகலை நிறுவி சோம்பேறிகளுக்கு உரியது என்று ஏளனம் செய்வோர், தம்மை அறியாமலேயே ஆங்கிலம் அறியாதாரை வெளியே நிறுத்துகின்றனர்.

சென்ற ஆண்டுகளில் ஒருநாள், தமிழ்வழிக் கல்வியில் பயின்று வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, "ஐயா, உபுண்டு போட்டிருக்கேன்னு சொன்னா சிரிக்கிறாங்க. கட்டளை அடிச்சு நிறுவத் தெரியாதவன் லினக்ஸ் வச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டார். அக்கேள்வியில் இருந்த நாணம் என் உள்ளத்தில் தைத்தது. இலவசமாக, அனைவர்க்கும் உரிய பொருளாக வழங்கப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு, ஓர் ஏழை மாணவனை நாணச் செய்வதைவிட அம்மென்பொருளின் நோக்கத்திற்கு மாறான செயல் வேறு உண்டோ?

டெபியன் காட்டிய நெறி

வாயிலைப் பற்றிய வழக்கு டெபியன் குழுவினரிடையே 2022-இல் வெளிப்படையாக எழுந்தது. வலையட்டை, ஒலியட்டை முதலிய உறுப்புகள் பல, ஃபர்ம்வேர் எனப்படும் உள்நிரல் இன்றி இயங்கா. அவ்வுள்நிரல்களுட் பலவற்றின் மூல நிரல் வெளியிடப்படுவதில்லை. ஆகவே, கட்டற்ற மென்பொருளையே கொள்கையாகக் கொண்ட டெபியன் அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காது இருந்தது. விளைவு யாது? புதிதாக வருவோரின் மடிக்கணினியில் வலையிணைப்பு இயங்கவில்லை. பேசும் நிறுவியையே நம்பியிருக்கும் பார்வையற்றோர், ஒலியட்டை இயங்காத கணினியின் முன் செய்வதறியாது அமர்ந்தனர்.

உறுப்பினர் பொது வாக்கெடுப்பு நடத்தினர். தம் சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, இத்தகைய உள்நிரல்களை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதென முடிவாயிற்று. 2023-ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்த டெபியன் 12 அவ்வாறே அமைந்தது. அதே வேளையில், அவ்வுள்நிரல்களை விலக்க விரும்புவோர் விலக்கிக்கொள்ளவும் வழி வைத்தனர். கொள்கையில் உறுதியுடையோர் இதனை வீழ்ச்சி எனக் கூறினர். அவர்தம் கவலையும் மதிக்கத்தக்கதே. எனினும், வாயிலிலேயே ஒருவரை நிறுத்திவிட்டு உள்ளே இருக்கும் உரிமையைப் பற்றி அவரிடம் பேசுவதில் பொருள் இல்லை என்பதை அக்குழுவினர் உணர்ந்தனர்.

டெபியன் நமக்குப் பிறிதொரு பாடமும் கற்பிக்கிறது. அதற்கு எளிய நிறுவி உண்டு; ஒவ்வொரு படியிலும் வினா எழுப்பும் வல்லுநர் முறை உண்டு; விடைகளை முன்கூட்டியே எழுதிவைத்துப் பல கணினிகளில் ஒரே சீராக நிறுவும் முறை உண்டு; கட்டளைகளால் அடியிலிருந்து கட்டும் முறையும் உண்டு. வழிகள் நான்காயினும் சென்று சேரும் வீடு ஒன்றே. அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்ட தொகுப்புகள் எல்லார்க்கும் பொது. நல்ல வழங்கலின் இலக்கணம் இதுவே என்பேன். தொடக்கநிலையினர்க்கு ஒரு வாயில். ஆழ்ந்து கற்போர்க்கு ஒரு வாயில். உள்ளே பூட்டிய அறை இல்லாமை.

நாம் செய்யத்தக்கன

இவ்வழக்கு நமக்கு வெறும் அறிவு விளையாட்டு அன்று. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் அண்மைக்காலச் செயலியும் தேவை. நன்கு இயங்கும் பழைய கணினிகள் பல இத்தகுதியைப் பெறா. புதிய கணினி வாங்க இயலாத குடும்பங்களில் அவை கிடக்கும். அவற்றில் லினக்ஸை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் ஒரு மாணவன் அதில் கற்கலாம். அம்மாணவனுக்கு நாம் அளிக்க வேண்டியது எளிய வாயிலா, தேர்வு மண்டபமா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

வழிகாட்டிகளும் நம் அருகிலேயே உள்ளன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய பாஸ் லினக்ஸ், சென்னையில் உருப்பெற்றது. கேரளத்து அரசுப் பள்ளிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகின்றன. கட்டளை அடிக்கத் தெரிந்த பின்னரே கணினியைத் தொட வேண்டும் என்று அப்பிள்ளைகளிடம் எவரும் விதிக்கவில்லை.

கல்லூரி நிருவாகத்தாரும் பேராசிரியப் பெருமக்களும் எண்ணிப் பார்க்குமாறு மூன்று கருத்துகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை நிறுவல் விழா நடத்தலாம். கணினித்துறை மாணவர் பிற துறை மாணவரின் பழைய கணினிகளில் எளிய வழங்கல் ஒன்றைத் தமிழ்த் திரையோடு நிறுவித் தரலாம். நிறுவுமுன் கோப்புகளைப் படியெடுத்து வைக்கும் பழக்கத்தையும் அங்கேயே கற்பிக்கலாம். இரண்டாவது, கணினித்துறை மாணவர் ஒவ்வொருவரும் தம் படிப்புக் காலத்தில் ஒருமுறையேனும் ஆர்ச் அல்லது ஜென்ட்டூவைக் கையால் நிறுவ வேண்டும். மெய்நிகர் கணினி என்னும் மென்பொருளுக்குள் நிறுவினால் எப்பொருளும் அழியாது, பாடமோ நிலைக்கும். மூன்றாவது, தமிழ்த்துறை மாணவர் நிறுவிகளின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் பணியில் ஈடுபடலாம். திரையில் தோன்றும் தமிழ் பிழையற்றதாய், எவர்க்கும் விளங்குவதாய் அமைவது நம் கடமை. அதற்கு நிரல் எழுதும் அறிவு தேவையில்லை, மொழியறிவே போதும்.

மாணவச் செல்வங்களே! அரிய வழியில் சென்று கற்றவன் மதிப்பிற்குரியவன். அவன் கற்றதற்கு அடையாளம், பின்னால் வருவோனை எள்ளி நகையாடுதல் அன்று; அவன் கணினி எழ மறுக்கும்போது அருகில் அமர்ந்து எழுப்பித் தருதலே. எளிய வழியில் வந்தவனும் வாயிலோடு நின்றுவிடாது உள்ளறைகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து கிடப்பதைப் பாராதிருத்தலும் ஓர் இழப்பே. எந்த வழியில் நுழைந்தாய் என்று வினவுவதை விடுத்து, உள்ளே வந்து என்ன செய்தாய், எவரை உடன் அழைத்து வந்தாய் என்று வினவும் வழக்கத்தை நம் கல்லூரியிலேனும் தொடங்குவோமாக.